வீட்டு விஷயம் கடைசித் தாளில்

ஒமாஹா, நெப்ராஸ்கா
நவம்பர் 20, 1957

என் கண்ணான ஆர்டிஸ்,

உயிரோடு இருக்கிறேன். மானம்தான் போய்விட்டது.

வீட்டை விட்டுக் கிளம்பி எட்டு நாளில் ஆறு ஊர். ஆறிலும் மழை. டிரம்மில் மாட்டியிருக்கும் கன்றுத்தோல் ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊறிப்போய்த் தொங்குகிறது. அடித்தால் 'தொப்' என்கிறது. சரியென்று நேற்று நீ செய்து கொடுத்த பிளாஸ்டிக் தோலை, அந்த மூன்றாம் நம்பரை, எடுத்து மாட்டினேன். நான்கு பாட்டுக்கு ராஜா மாதிரி இருந்தது. ஐந்தாவது பாட்டின் நடுவில், ஆணியடித்த இடமெல்லாம் கிழிந்து, மரவளையத்திலிருந்து பிய்த்துக்கொண்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் புருஷனை அப்படியே விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். எங்கள் பேண்டு தலைவர் க்ரோவ் மைக்கிலேயே கேட்டார்: "ஏம்ப்பா லைல், டிரம் வாசிக்க வந்தியா, வேட்டைக்கு வந்தியா?"

ஆனால் அந்த நான்கு பாட்டு இருக்கிறதே, ஆர்டிஸ்! வெளியே கொட்டுகிற மழையில், உள்ளே என் டிரம் மட்டும் காய்ந்த சத்தம் போட்டது. ஓரத்தை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டால் போதும். இந்த நாட்டில் டிரம் வாசிக்கிற ஒவ்வொருவனும் நம் வீட்டு வாசலில் நிற்பான். நீ யோசி. உன் மூளைதான் இதற்குச் சரி.

ஒரு வேண்டுகோள். உன் கடிதம் வந்தால் பஸ்ஸில் பையன்கள் எல்லோரும் தலையை நீட்டுகிறார்கள். அதனால் வேலை விஷயத்தை முதலில், தனித் தாளில் எழுது. வீட்டு விஷயத்தைக் கடைசித் தாளில் எழுது. அதை நான் மட்டும் நிதானமாகப் படித்துக்கொள்வேன்.

உன்
லைல்


வான் நைஸ், கலிபோர்னியா
டிசம்பர் 2, 1957

அன்புள்ள லைல்,

உன் உத்தரவுப்படி, வேலை முதலில்.

ஓரத்துக்கு வழி கிடைத்துவிட்டது. என் மூளை காரணம் இல்லை, என் கால் காரணம். கராஜில் பிசின் டப்பாவை இடறிவிட்டேன். மரவளையத்தைத் தேய்க்க வைத்திருந்தேனே பழைய சீஸ் துருவி, அதன்மேல் கொட்டிவிட்டது. மறுநாள் சுரண்டப் பார்த்தேன், உளியால் அடித்தும் பார்த்தேன், அசையவில்லை. ஏன் என்று பார்த்தால், பிசின் துருவியின் ஓட்டைகள் வழியாக அந்தப் பக்கம் போய், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து இறுகியிருக்கிறது. எதைப் பிடித்து எதை இழுப்பது?

அப்போதுதான் தோன்றியது. நாம் இத்தனை நாள் தாளின் ஓரத்தில் ஆணியடித்துக்கொண்டிருந்தோம். ஆணி அடித்தால் கிழியும். ஓட்டை போட்டுப் பிசின் ஊற்றினால்? படம் போட்டிருக்கிறேன், பார். பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கீழே மடித்து, பெல்ட்டுக்கு ஓட்டை போடும் குறட்டால் சுற்றிலும் துளையிட்டேன். விமானத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரர் அலுமினியப் பட்டையைக் கூரை நீர்க்கால் மாதிரி வளைத்து வளையமாக்கித் தந்தார். மடித்த ஓரத்தை அந்த வளையத்தின் பள்ளத்துக்குள் நிறுத்திப் பிசினை ஊற்றிவிட்டேன். நான்காம் நம்பரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இது பிய்ந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இனி வீட்டு விஷயம். கராஜ் கூரை ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு திருமதி அராகெலியன் நம் எலுமிச்சை மரத்தைக் காலி செய்துவிட்டு, அதே எலுமிச்சையில் ஊறுகாய் போட்டு நமக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "பழம் வீணாப் போகுதேன்னு மனசு கேக்கலைம்மா" என்கிறாள். இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ஒருத்தி படுத்தால் எவ்வளவு குளிர்கிறது தெரியுமா? கலிபோர்னியாவில்கூட.

உன்
ஆர்டிஸ்


டெ மாயின், அயோவா
டிசம்பர் 20, 1957

என் மேதையே,

பெயரை மாற்ற வேண்டாம். ஒன்பது நாள் வாசித்தேன். மழை, பனி, அடுப்பு பக்கத்தில் வைத்த மேடை, எல்லாவற்றையும் நான்காம் நம்பர் பார்த்துவிட்டது. அசையவில்லை. க்ரோவ் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "நீ செத்த பிறகும் இது உன்னோட வருமேடா" என்றார்.

ஒரே குறை. குச்சியால் அடித்தால் சரி. மெதுவான பாட்டுக்குக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போது 'உஸ்ஸ்' என்று வரவேண்டும் அல்லவா? கன்றுத்தோலில் சொரசொரப்பு உண்டு. இது கண்ணாடி மாதிரி வழுக்குகிறது, சத்தமே இல்லை. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்து, "தூங்கிட்டியா?" என்று கேட்கிறாள். இதற்கும் ஒரு வழி கண்டுபிடி.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஜனவரி முழுக்க ஊர்கள் ஒப்புக்கொண்டாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. நல்ல அலுமினிய வளையம் இன்னும் நான்கு செய். ஃபோர்ட் வெய்னில் ஒருவர் பார்க்க வருகிறார்.

உன்
லைல்


வான் நைஸ்
ஜனவரி 19, 1958

அன்புள்ள லைல்,

தாள் ஒன்று, வேலை.

உன் 'உஸ்ஸ்' கிடைத்துவிட்டது. வெள்ளை வண்ணத்தில் சலித்த மணல் தூளைக் கலந்து தெளித்துப் பார்த்தேன். முதலில் மணல் அதிகமாகி உப்புத்தாள் ஆகிவிட்டது, பிரஷ்ஷின் கம்பியே தேய்ந்துபோயிருக்கும். பிறகு குறைத்தேன். ஐந்தாவது முறை சரியாக வந்தது. ஒரே திசையில் தெளித்தால் ஒரு பக்கம் கரகரப்பாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கிறது. அதனால் தோலைப் பழைய ரெக்கார்டு பிளேயரில் வைத்துச் சுற்றவிட்டுத் தெளிக்கிறேன். பழுத்த பீச் பழத்தைத் தடவுகிற மாதிரி இருக்கும். நான்கு தோலும் பார்சலில் வருகின்றன, வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்.

தாள் இரண்டில் அளவுகள் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. துளைக்குத் துளை எவ்வளவு தூரம், பிசின் எவ்வளவு உயரம், தாளின் கனம். வந்து பார்க்கிறவர் கேட்டால் காட்டு.

தாள் மூன்று, வீடு.

ஒரு கூத்து நடந்தது. வளையங்களில் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வேலைக்குப் போடும் உடுப்பை வேகவைக்கிற பெரிய பானையில் சலவைச் சோடா கரைத்து வைத்திருந்தேன். அதிலேயே நான்கு வளையத்தையும் போட்டு, ஐந்து நிமிஷத்தில் எடுக்கலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் பளபளவென்று இருந்த வளையமெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். வேறு வளையம் இல்லை, ஆனது ஆகட்டும் என்று அதிலேயே பிசினை ஊற்றினேன். ஆனால் லைல், இவை பழையதைவிடப் பல மடங்கு கெட்டி! ரெஞ்சு போட்டு இறுக்கிப் பார்த்தேன், மர டிரம்தான் விரிசல் விட்டது, தோல் நகரவில்லை. முன்பு பளபளப்பு வளையத்தில் செய்து இங்கேயே வைத்திருந்த தோலோ ஒன்றரை மாதத்திலேயே நழுவுகிறது. சோடா அலுமினியத்தை லேசாக அரித்துவிடுகிறது போலிருக்கிறது, பிசின் அதைக் கவ்விக்கொள்கிறது. இனி எல்லாவற்றையும் சோடாவில்தான் வேகவைக்கப் போகிறேன். பானை சமையலறைப் பானை என்பதால் இதை வீட்டுத் தாளில் எழுதுகிறேன், சிரிக்காதே.

ஏன் பட்டப்பகலில் நாற்காலியில் தூங்குகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறார். ஏழு வருஷம் கழித்து, லைல். நம் இரண்டு பேருக்கும் இனி இல்லை என்று முடிவு செய்து, அந்தச் சின்ன அறையில் நீ டிரம் பெட்டிகளை அடுக்கினாயே, அந்த அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். திருமதி அராகெலியனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

உன்
ஆர்டிஸ்


ஃபோர்ட் வெய்ன், இந்தியானா
பிப்ரவரி 3, 1958

என் தங்கமே,

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது! வந்தவர் சிகாகோவில் டிரம் தொழிற்சாலை வைத்திருக்கும் ஸ்வோபோடா. உன் வெள்ளைத் தோலில் பிரஷ்ஷைப் போட்டேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தன் தொப்பியில் இருந்த பனித்தண்ணீரை எடுத்துத் தோல்மேல் ஊற்றிவிட்டு, "இப்ப வாசிங்க" என்றார். வாசித்தேன். சத்தம் மாறவில்லை. "எனக்கு நாப்பது வருஷமா மாட்டுத்தோல் யாவாரம். இன்னியோட என் தூக்கம் போச்சு" என்றார். தாள் ஒன்றையும் இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வளையம் மட்டும் ஏன் இப்படிப் பழைய பாத்திரம் மாதிரி மங்கலாக இருக்கிறது? மட்டமான அலுமினியமா? கடையில் வைத்தால் ஜனங்கள் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். அதை ஸ்வோபோடாவின் ஆட்கள் சரிசெய்துகொள்வார்கள்.

அடுத்த மாதம் சிகாகோ. வீட்டில் எல்லோருக்கும், அதாவது உனக்கும் எலுமிச்சை மரத்துக்கும், என் அன்பு.

உன்
லைல்


வான் நைஸ்
பிப்ரவரி 16, 1958

லைல்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். உறையைக் கிழித்து உள்பக்கமும் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் தாளில் எழுதியதற்கு ஒரு வார்த்தை இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. பயமாக இருக்கிறது என்றால் அதையாவது எழுது. எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருக்காதே. ஒரு முறை எழுதியதை இன்னொரு முறை எழுதிக் கெஞ்ச எனக்கு வராது, உனக்கே தெரியும்.

ஆர்டிஸ்


சிகாகோ
மார்ச் 2, 1958

அன்புள்ள ஆர்டிஸ்,

கோபப்படாதே, கண்ணே. நீ எழுதியதை நினைக்காமல் இல்லை. ஆனால் அதற்கு இப்போது என்ன அவசரம்? எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. இத்தனை வருஷம் அது இல்லாமலா இருந்துவிட்டோம்? நான் திரும்பி வந்ததும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுக்கலாம். அதுவரை நீ பாட்டுக்கு ஏதாவது செய்து வைக்காதே.

இங்கே நடப்பதைக் கேள். ஸ்வோபோடா புதிதாக ஒரு பிரிவே தொடங்குகிறார், நான்தான் அதற்குத் தலைவன். பேண்டுக்கு முழுக்குப் போட்டாயிற்று. காப்புரிமைக்கு மனு எழுதியாயிற்று. கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வக்கீல் சொன்னார், ஒரு பெயர் இருந்தால் சுலபம், டிரம் வாசிக்கிறவன் பெயர் என்றால் இன்னும் எடுபடும். நீயும் நானும் வேறா என்ன? இதோடு ஒரு காகிதம் இருக்கிறது. நான் இதைச் செய்ததை நேரில் பார்த்ததாக நீ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பாங்கில் முத்திரை வாங்கி அனுப்பு.

உன்
லைல்


வான் நைஸ்
ஏப்ரல் 13, 1958

லைல்,

வேலை. காகிதம் இதோடு இருக்கிறது. பாங்கில் முத்திரை போடுகிறவர் நல்ல மனிதர். படித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கண்டுபிடிச்சவங்களே சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. நீங்க சும்மா பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்றார். "ஆமா, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

வீடு. நீ சொன்னபடியே ஆகிவிட்டது. இனி எந்த அவசரமும் இல்லை. நான்காம் தேதியிலிருந்து ஏழாம் தேதி வரை ஆஸ்பத்திரியில் இருந்தேன். திருமதி அராகெலியன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நீ திரும்பி வந்து பேசி முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆர்டிஸ்


சிகாகோ
ஜூன் 1, 1958

என் ஆர்டிஸ்,

காகிதத்துக்கு நன்றி. உடனே எழுதாததற்கு மன்னித்துவிடு. ஏப்ரலில் இருந்து தலைகால் தெரியாத வேலை. இப்போது தலையே போகிற நிலை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. உன் படத்தை வைத்து ஒரு மயிரிழை பிசகாமல் முந்நூறு தோல் செய்தோம். உன் தாள்கள் இரண்டும் வரைபட அறைச் சுவரில்தான் குத்தியிருக்கின்றன. அதே துளை, அதே பிசின், அதே உயரம். வளையம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. முதல் வாரம் நன்றாக இருக்கிறது. பிறகு இறுக்க இறுக்கப் பிசினோடு சேர்ந்து மொத்தமாக வளையத்திலிருந்து கழன்று வருகிறது. பல்செட்டு கழல்கிற மாதிரி. ஆனால் நீ ஜனவரியில் அனுப்பிய நான்கும் இன்னும் அசையவில்லை! அதே மாதிரிதானே செய்திருக்கிறோம்?

ஜூலையில் இசைக்கருவிக் கண்காட்சி. நாடு முழுவதிலிருந்தும் கடைக்காரர்கள் வருகிறார்கள். ஸ்வோபோடாவின் ஆட்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். "கண்டுபிடிச்சவரைக் கேளுங்கப்பா" என்கிறான் ஒருவன். "அவரு கண்டுபிடிச்சாரா, கண்டு எடுத்தாரா?" என்கிறான் இன்னொருவன். நேற்று ஸ்வோபோடாவே கேட்டார்: "லைல், அந்த நாலுல என்ன செஞ்ச? உன் கையால செஞ்சதுதானே, ஞாபகமில்லையா?" ரெஞ்சைத் தேடுகிற மாதிரி அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

நீ வேறு என்ன செய்தாய், ஆர்டிஸ்? ஏதோ ஒன்றை எழுத மறந்திருக்கிறாய். யோசித்துப் பார்த்து உடனே எழுது. என் மானம் உன் கையில்.

உன்
லைல்


வான் நைஸ்
ஜூன் 9, 1958

லைல்,

தாள் ஒன்று, வேலை.

எழுத மறக்கவில்லை. ஜனவரி 19 கடிதத்தில், மூன்றாம் தாளில் இருக்கிறது. மறுபடி எழுதுகிறேன். வளையத்தைப் பளபளப்பாக்கியதுதான் தப்பு. நான்கு காலன் தண்ணீருக்கு ஒரு கோப்பை சலவைச் சோடா. கொதிக்கும்போது வளையத்தைப் போட்டுச் சாம்பல் நிறம் வரும்வரை வைக்க வேண்டும். எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கையே படாமல் காயவைத்து, அன்றைக்கே பிசினை ஊற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுபடி வேகவைக்க வேண்டும். கையில் ரப்பர் உறை போடச் சொல், சோடா தோலை உரித்துவிடும். என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இவ்வளவுதான். இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

தாள் இரண்டு, வீடு.

உன் ஜூன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சோடா விஷயமும் குழந்தை விஷயமும் ஒரே தாளில் எழுதியிருந்தேன், லைல். சோடா உனக்குத் தெரியாது என்றால் மற்றதும் உனக்குத் தெரியாது.

ஆம், குழந்தை. ஜனவரியில் எழுதினேன், ஆகஸ்டில் பிறக்கும் என்று. நீ எலுமிச்சை மரத்துக்கு அன்பு சொல்லி எழுதினாய். கேட்டேன். "இத்தனை வருஷம் அது இல்லாமலா இருந்துவிட்டோம்" என்றாய். நீ எதை நினைத்து அப்படி எழுதினாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். கராஜ் கூரையையா? எதையாவது படித்த மாதிரி காட்டிக்கொண்டால் போதும் என்றா? அந்த வரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படுத்தேன். ஏப்ரல் 4 அன்று வலி வந்தது. பெண் குழந்தை. ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. நர்ஸ் கேட்டாள், "வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லணுமா?" நான் சொன்னேன், "அவருக்கு வேணாம்." நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

நான்கு மாதம் உன்னைக் கல்நெஞ்சக்காரன் என்று வெறுத்தேன். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. தாளைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். கல்நெஞ்சக்காரனோடாவது சண்டை போட்டுக் குடித்தனம் பண்ணலாம். திருப்பாத தாளோடு என்ன சண்டை போடுவது?

தொழிற்சாலையில் கேட்டு ஸான் டியேகோவுக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை போகிறேன். வீடு இந்த மாதம் முப்பது வரை நம் பெயரில் இருக்கும். சாவி திருமதி அராகெலியனிடம். சின்ன அறையைக் காலி செய்திருந்தேன், உன் டிரம் பெட்டிகளைத் திரும்ப அதிலேயே அடுக்கிவிட்டேன். வக்கீலிடமிருந்து ஒரு காகிதம் வரும். அதில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியாக இல்லை.

என்னைத் தேடி வராதே. பொய்யாக எழுதவில்லை, நிஜமாகவே வராதே.

ஆர்டிஸ்


சிகாகோ
ஜூன் 17, 1958

என் மேதையே, என் உயிரே,

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! கடிதம் வந்த அரைமணியில் தொழிற்சாலைச் சமையல்கூடத்தில் இருந்த சூப் அண்டாவைக் காலிசெய்து சோடாவைப் போட்டோம். நாற்பது தோல் செய்து, மூன்று நாள் ரெஞ்சு போட்டு இறுக்கினோம். ஒன்றுகூட அசையவில்லை! ஸ்வோபோடா என் முதுகில் ஓங்கி அறைந்து, "நீ பெரிய ஆளுடா, சலவைச் சோடாவுல கொண்டுவந்து நிறுத்திட்டியே!" என்றார். பேசிய வாயெல்லாம் மூடிக்கொண்டன. உன் தாள் ஒன்றையும் சுவரில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் குத்திவிட்டேன்.

கண்காட்சிக்கு முன் பத்து நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை பஸ் ஏறுகிறேன், சனிக்கிழமை வீட்டில் இருப்பேன். கொத்துக்கறி மீட்லோஃப் செய்து வை, வெங்காயம் தூக்கலாக. கராஜ் கூரையையும் இந்தத் தடவை பார்த்துவிடுகிறேன், பார்த்தாயா, நான் ஒன்றும் மறக்கவில்லை. இத்தனை மாதம் உன்னைத் தனியாக விட்டதற்கெல்லாம் சேர்த்து வைத்து ஈடு செய்கிறேன்.

உன்
லைல்

பி.கு.: இரண்டாம் தாள் என் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. இங்கே ஒரு நிமிஷம் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து நிதானமாகப் படிக்கிறேன்.